முதலில் நிற்கட்டும்

மட்டாஞ்சேரியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்முற்றத்தில் பழைய ஜீப் ஒன்று நிற்பதைப் படங்களில் பார்த்த நண்பர்கள் சில மாதங்களாகக் கேட்டுவரும் கேள்விகள் மூன்று. மலையே இல்லாத ஊரில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எதற்கு? ஆய்வேட்டை முடிக்க வேண்டிய காலத்தில் இந்த வேலை எதற்கு? இதுவரை ஆன செலவு எவ்வளவு? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட ஒரே பதிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. சற்று நீளும்; பொறுத்துக்கொள்க. பழைய வண்டி வாங்கும் எண்ணம் உடையோர்க்கு இதில் சில செய்திகள் பயன்படவும் கூடும்.

வண்டி 1991ஆம் ஆண்டின் மஹிந்திரா எம்எம் 540. பதிவெண் கேஎல் 06 என்று தொடங்குகிறது; அதாவது இடுக்கி மாவட்டத்து வண்டி. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 1941இல் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் நேர்வழி வாரிசு இது. 1945இல் எஃகு வணிக நிறுவனமாகத் தொடங்கிய மஹிந்திரா, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் இணைத்து விற்கத் தொடங்கிவிட்டது. 1980களில் வந்த எம்எம் 540இல் பிரான்சின் பெஜோ நிறுவன வடிவமைப்பிலான 2112 சிசி டீசல் எஞ்சின் இருக்கிறது. எஞ்சின் மாறினாலும் கட்டுமானம் பழையதே: ஏணி போன்ற சேஸிஸ், முன்னும் பின்னும் திண்ணிய ஆக்சில், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், மேலே மடித்து வளைத்த தகட்டு உடல். கணினி இல்லை, உணரிகள் இல்லை. சில ஸ்பானர்களும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே பெரும்பகுதியைக் கழற்றிப் பார்த்துவிட முடியும். ஏலத் தோட்டம் ஒன்றில் மூன்றாண்டுகள் கொட்டகைக்கு வெளியே மழையில் நின்ற இதை 70,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

ஏன் வாங்கினேன் என்பதற்கு என் ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏலக்காய், மிளகு வணிகத்தின் கூலிப் பக்கம் என் பொருள். மட்டாஞ்சேரி பஜார் சாலையின் கிடங்குகளுக்கு மலையிலிருந்து சரக்கு வந்து சேர்ந்த கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சரக்கைப் பறிக்க மனிதர்கள் மலைக்குப் போய்ச் சேர்ந்த கதை கணக்கேடுகளில் 'வண்டிக்கூலி' என்ற ஒற்றை வரியாக முடிந்துவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று சாலைகள் வழியாக விடியுமுன் ஜீப்புகள் ஏறுகின்றன. உடும்பஞ்சோலை, வண்டன்மேடு பகுதிகளின் ஏலத் தோட்டங்களுக்குப் போகும் அவற்றில் இருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். மாலையில் அதே ஜீப்புகள் இறங்குகின்றன. போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

என் அம்மா 22 ஆண்டுகள் அந்த ஒற்றை வரிக்குள் பயணம் செய்தவர். கம்பத்தில் அதிகாலை ஐந்து மணிக்கு ஏறி, இரவு ஏழுக்குத் திரும்புவார். பதிவு ஆவணத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கையைப்போல் இருமடங்கு பேர் ஏறிய வண்டியின் பின்பகுதியில், பெரும்பாலும் நின்றுகொண்டு. நான் படித்த படிப்பு அந்த வண்டியில்தான் ஏறி இறங்கியது. ஆகவே இந்த ஜீப்பைக் கண்டபோது எனக்கு அழகான பழம்பொருள் எதுவும் தோன்றவில்லை. உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றே தோன்றியது.

வாங்கியதைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா கேட்டது இது: "ஏத்தா, அதுல பிரேக்கு பிடிக்குதா? பிடிச்சுக்கிற கம்பி இருக்கா?"

பழைய ஜீப் விற்பனை விளம்பரங்களை அதற்கு முன் நூற்றுக்கணக்கில் படித்திருந்தேன். புதிய டயர், உலோக மினுக்குள்ள பெயின்ட், பாட்டுப் பெட்டி, கூடுதல் விளக்குகள் என்று அவற்றில் ஒரு வரிசை உண்டு. பிரேக் பற்றி எழுதியவை மிகச் சில. கம்பி பற்றி எழுதியது ஒன்றுகூட இல்லை.

எனக்கு வழிகாட்டியவர் தொப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் நெடுங்காலம் படகு எஞ்சின்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். தெருவில் எல்லோரும் அவரை இக்கா என்றே அழைப்பார்கள், நானும் அப்படியே. முதல்நாள் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "மோளே, ஆத்யம் நில்க்கட்டெ, பின்னெ ஓடட்டெ" என்றார். முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும். அம்மாவின் கேள்வியும் இக்காவின் விடையும் ஒன்றையொன்று அறியாமல் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன. வேலையின் வரிசையை அங்கேயே முடிவு செய்தோம்: பிரேக், தரைத்தகடும் சேஸிஸும், ஸ்பிரிங், எஞ்சின், கடைசியில் பெயின்ட்.

வண்டியைத் தூக்கி நிறுத்துவதில் இக்காவுக்குக் கண்டிப்பான விதி ஒன்று உண்டு: ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் நுழையக் கூடாது. கிடங்குகளில் மூட்டைகளுக்கு ஈரம் ஏறாதிருக்க அடியில் அடுக்கும் கனத்த மரக்கட்டைகள் இந்த ஊரில் எளிதில் கிடைக்கும். அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, சேஸிஸை அதன்மேல் இருத்திய பிறகே சக்கரங்களைக் கழற்றினோம்.

நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. அதனால் ஊதியோ உலர்ந்த தூரிகையால் தட்டியோ துடைக்காமல், நீர் தெளித்து ஈரத்துணியால் எடுத்தோம். இடது பின்சக்கரத்தின் வீல் சிலிண்டர் துருவேறி இறுகிப்போயிருந்தது. வலது முன்சக்கரத்தில் கசிவு. அதற்குப் பின்தான் அந்தக் குழாயைக் கண்டோம். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பின்சக்கரங்களுக்குச் செல்லும் மெல்லிய உலோகக் குழாயை யாரோ குறடால் நசுக்கி, மடக்கி, மறுபடியும் நசுக்கி அடைத்திருந்தார்கள்.

இந்த வண்டியில் பிரேக் திரவத்துக்கு ஒரே சுற்றுதான். எங்காவது ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் அழுத்தம் போய்விடும். பின்னால் கசிவு ஏற்பட்டபோது, பின்பகுதியை முழுவதுமாக அடைத்துவிட்டு முன்சக்கரங்களின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டியிருக்கிறார்கள். அன்றைய வேலை நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த அவசர ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் நசுங்கிய மடிப்பின்மேல் படிந்திருந்த துரு, அந்த அவசரம் பல ஆண்டுகள் நீடித்ததைக் காட்டியது.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் வியக்கவில்லை. இறக்கத்தில் வண்டி ஒவ்வொரு வளைவில் நின்றபோதும் கிளீனர் பையன் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவான் என்றார். "அவன் குதிக்கிற சத்தம் கேட்டாத்தான் எங்களுக்கு மூச்சு வரும்." பின்னால் அமர்ந்த பெண்களுக்கு வண்டியைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. பிரேக் காயும் வாடை, ஸ்பிரிங் பட்டை முறியும் ஓசை, கியர் விழாமல் ஓட்டுநர் தடுமாறும் நொடி என எல்லாமே அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை யாரும் கேட்டதில்லை என்பதே குறை.

நான்கு வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஷூக்கள், ரப்பர் குழாய்கள், உலோகக் குழாய்கள் அனைத்தையும் புதிதாக மாற்றினோம். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய திரவம் தொடர் இறக்கத்தில் சூடேறும்போது ஆவிக்குமிழ்கள் தோன்றி மிதி உள்ளே போய்விடும். ஆகவே திறந்து வைத்த பழைய டப்பா எவ்வளவு நிறைந்திருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. மிதியை ஒருவர் அழுத்த, மற்றொருவர் சக்கரத்தருகே திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றும் வேலை ஒரு மாலை முழுவதும் நடந்தது. மிதி பாதியிலேயே கல்போல நின்றபோது இக்கா தலையை மட்டும் அசைத்தார்.

அடுத்தது துரு. மட்டாஞ்சேரியில் இரும்பு வைத்திருக்கும் யாருக்கும் இது தெரிந்த பகைதான். காயல் தெருக்கோடியில், கடல் சில கிலோமீட்டரில், ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. இரும்பு, நீர், உயிர்வாயு மூன்றும் சேர்ந்தால் துருப்பிடிக்கும். நீரில் உப்பு கரைந்திருந்தால் அது மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் அரிப்பு பன்மடங்கு விரைகிறது. துருவுக்கு இரும்பைவிடப் பருமன் அதிகம். மடிப்புக்குள் பிடித்த துரு உப்பி, நல்ல தகட்டையும் பிளந்துவிடும். ஆகவே மேற்பரப்பில் தெரிவதைவிடப் பெயின்டுக்கும் பட்டிக்கும் அடியில் மறைந்திருப்பதே ஆபத்து. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் திருப்புளியால் குத்திப் பார்க்கலாம்.

பின்பகுதியின் ரப்பர் விரிப்பை எடுத்தபோது தரைத்தகட்டின் மூலைகளில் நீலப்பச்சை நிறத்தில் ஏதோ உறைந்திருந்தது. மலையில் வளர்ந்த எவருக்கும் அந்த நிறம் தெரியும்: மயில்துத்தம். ஏலத்துக்கும் மிளகுக்கும் பூஞ்சை நோய் வராமல் தெளிக்கும் போர்டோ கலவையைத் துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்தே தயாரிப்பார்கள். சிந்திய துத்தம் நீரில் கரைந்தால் இரும்பு கரைந்து வெளியேற, செம்பு அதன்மேல் படியும். பள்ளி வேதியியல் வகுப்பில் துத்தக் கரைசலில் ஆணியைப் போட்டுக் காட்டுவார்களே, அதே வினை. இங்கு அது ஆண்டுக்கணக்கில் நடந்து தரையை உள்ளங்கை அகலத்துக்குச் சல்லடையாக்கியிருந்தது. சேஸிஸின் எழுத்தாணிக் குறிகளைவிட, ஆவணங்களைவிட, இந்த வண்டி யாருக்காக ஓடியது என்பதை எனக்குத் துல்லியமாகச் சொன்னது அந்தக் கறைதான். காலையில் மூட்டை, அதன்மேல் மனிதர்.

அரித்த பகுதியை நல்ல உலோகம் வரும்வரை வெட்டியெடுத்து, 16 கேஜ் தகட்டைப் பொருத்திப் பற்றவைத்தவர் படகுப் பட்டறை வெல்டர் ஒருவர். பற்றவைக்குமுன் பேட்டரி இணைப்பைத் துண்டித்தோம். டீசல் தொட்டியைக் கழற்றி முற்றத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்தோம். துளைகளின்மேல் தகட்டை ஒட்டிப் பட்டி பூசி மறைத்துவிட்டால் செலவு கால்பங்குதான். ஒரே பருவமழையில் மீண்டும் வெளிவந்துவிடும். படகின் அடியில் பொருத்துவதுபோல் துத்தநாகக் கட்டி ஒன்றை இதிலும் பொருத்தலாமா என்று வெல்டரைக் கேட்டேன். நீரில் மூழ்கியிருந்தால்தான் அது வேலை செய்யும் என்று சிரித்தார். சுத்தமான உலோகத்தின்மேல் துத்தநாகம் மிகுந்த பிரைமர், அதன்மேல் பூச்சு, பெட்டிபோல் மூடிய பகுதிகளுக்குள் மெழுகெண்ணெய், நீர் வடியும் துளைகளை அடைக்காமல் விடுதல் ஆகியவை அவர் சொன்ன வழி. கடைசியாகச் சொன்னதே முதன்மையானது. உள்ளே வந்த நீர் வெளியேற வழி இருந்தால் பாதித் துரு குறையும்.

பின்பக்க ஸ்பிரிங்கில் தொழிற்சாலை வைத்ததற்குமேல் இரண்டு பட்டைகள் செருகியிருந்தார்கள். கூடுதல் பாரம் ஏற்றுவதற்கான ஏற்பாடு. பாரம் இல்லாதபோது அத்தகைய வண்டி துள்ளும்; துள்ளும் சக்கரத்துக்குச் சாலையில் பிடிப்பு குறையும். அவற்றை நீக்கி, தேய்ந்த புஷ்களையும் யூபோல்ட்டுகளையும் மாற்றினோம்.

எஞ்சினுக்கு வந்தபோது நான்கு மாதங்கள் கழிந்திருந்தன. நெடுநாள் நின்ற டீசல் எஞ்சினை உடனே ஸ்டார்ட்டரால் சுழற்றக் கூடாது. சிலிண்டர்களுக்குள் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரவு ஊறவிட்டு, கையால் சுற்றிப் பார்த்தோம், இறுகியிருக்கவில்லை. தொட்டியின் அடியில் நீரும் கசடும். அதைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் தனித்தனியே சோதித்தோம், இரண்டு உயிரற்றவை. டீசல் பம்ப்பும் நாசில்களும் வீட்டில் தொட வேண்டியவை அல்ல. அவற்றின் அளவைச் சரிபார்க்கத் தனி எந்திர மேடை வேண்டும். நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தம் உடையது. விரலை வைத்துச் சோதிப்பது கையையே இழக்கச் செய்யலாம். எர்ணாகுளத்தில் ஒரு பட்டறைக்குக் கொடுத்தோம். திரும்பி வந்ததும் குழாய்களில் சிக்கிய காற்றைக் கைப்பம்ப்பால் வெளியேற்றி, ஹீட்டர் போட்டு, சாவியைத் திருப்பினோம். மூன்றாம் முறை வெண்புகை கக்கி எஞ்சின் பிடித்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கைதட்டினார்கள். இக்கா வண்டியை இருபது அடி நகர்த்திப் பிரேக்கை மிதித்தார். நின்றது.

இனி முதற்கேள்விக்கு விடை. மட்டாஞ்சேரியில் நான்கு சக்கர இழுவை தேவையில்லை. உலர்ந்த தார்ச்சாலையில் போடவும் கூடாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு சுற்றுகின்றன. இவ்வகை ஜீப்பில் அந்த வேறுபாட்டை ஏற்க நடுவில் டிஃப்ரென்ஷியல் கிடையாது. சேற்றில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் கியர்களும் இணைப்புகளும் முறுக்கேறும். தோட்டத்துச் செம்மண் வழியில், மழைக்காலத்தில், அந்த நெம்புகோலுக்குப் பொருள் உண்டு. நகருக்குள் எனக்குப் பேருந்தும் படகும் போதும். 1991இன் டீசல் எஞ்சின் இன்றைய அளவுகோலில் தூய்மையானது அன்று என்பதை நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார், அது சரியே. ஆண்டுக்குச் சில முறை மலைக்குப் போய்வருவதற்குமேல் இதை ஓட்டப்போவதில்லை.

மாற்றங்கள் செய்ய விரும்புவோர் சட்டத்தையும் பார்த்துக்கொள்க. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பற்றி, கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. உற்பத்தியாளர் நிர்ணயித்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. பின்னர் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கார் வகைக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டுகள் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. வாங்குமுன் சேஸிஸில் பொறித்த எண்ணும் ஆவணத்திலுள்ள எண்ணும் ஒன்றா என்று கண்ணால் பாருங்கள். எண் துருவில் கரைந்திருந்தால் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

செலவு: தகட்டு வேலை 18,000, பிரேக் 9,500, ஸ்பிரிங் 7,000, பம்ப்பும் நாசிலும் 14,000, பேட்டரி 6,500. ஆக 55,000. வாங்கிய விலையோடு 1,25,000. இதில் என் ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் இக்காவின் நேரத்துக்கும் விலை போடவில்லை. அவர் வாங்க மறுத்துவிட்டார். மலிவு வண்டி என்பது தவணை முறையில் விலை கேட்கும் வண்டி. அதைத் தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

பணம் குறைவாக உள்ளவர்கள் வேலையின் வரிசையை மாற்றாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். பெயின்ட் அடித்த வண்டியை எல்லோரும் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டில் நசுங்கிய குழாய் மறைந்துபோகும். மலைச்சாலைகளில் இன்றும் அதிகாலையில் ஏறிக்கொண்டிருக்கும் வண்டிகளைப் பற்றியும் இதையே கேட்க வேண்டும். அவற்றின் பின்னால் நிற்பவர்கள் டயரின் அழகைப் பார்ப்பதில்லை.

ஆய்வேடு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கும் விடை உண்டு. 'வண்டிக்கூலி' என்ற வரிக்கு இப்போது தனி இயல் ஒதுக்கியிருக்கிறேன். அம்மாவும் அவருடன் பயணம் செய்த ஆறு பெண்களும் பேசிய பதிவுகள் அதில் சேர்கின்றன. பிரேக்கைப் பற்றி அவர்களிடம் கேட்கத் தொடங்கினால் பேச்சு நிற்பதில்லை.

பதிவுப் புதுப்பித்தலுக்கான சோதனை அடுத்த மாதம். பெயின்ட் வேலை இன்னும் தொடங்கவில்லை; துத்தநாகப் பூச்சின் சாம்பல் நிறத்திலேயே வண்டி நிற்கிறது. பின்பகுதியில் முறிந்துபோயிருந்த பிடிகம்பிகளுக்குப் பதில் புதியவை வைத்தாயிற்று. எந்த உயரத்தில் வைப்பது என்று அம்மாவைக் கேட்டேன். உட்கார்ந்தபடி கையை உயர்த்தி, பக்கத்து வீட்டுப் பெண்ணை நூல் பிடிக்கச் சொல்லி அளந்து, "இருக்கையில இருந்து ரெண்டு முழம், நாலு விரக்கடை" என்றார். அந்த அளவிலேயே வைத்திருக்கிறோம்.